பக்கத்து வீட்டுப் பாத்தியைப் பூனை கிளறினால் நட்டஈடு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் தனி வீட்டில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கிறேன். தெருப்பூனைகள் நான்கைந்துக்குக் காம்பவுண்டு சுவர் ஓரமாகச் சோறும் மீனும் வைப்பேன். பின்பக்கத் தோட்டத்தில் மாசிப்பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, சிறுகீரை விதைத்திருக்கிறேன். என் பாத்தியையே பூனைகள் கிளறுகின்றன. பக்கத்து வீட்டுக்காரரும் தோட்டம் போட்டிருக்கிறார். என் பூனைகள் அவருடைய தக்காளி, கத்தரி நாற்றுகளைப் பிடுங்கிவிட்டன என்று 15,000 ரூபாய் கேட்கிறார். "இல்லாவிட்டால் மருந்து வைத்துவிடுவேன்" என்றும் சொல்கிறார். குடியிருப்போர் சங்கத்தில் எல்லாப் பூனைகளையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஒரு தெருப்பூனை என் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். "பாவம், ஏதாவது கொடுத்துவிடலாம்" என்று எழுதியும் கொடுக்காதீர்கள். நாளைக்கு அது உங்கள் ஒப்புதலாக நிற்கும்.

நம் நாட்டில் அடுத்தவர் நிலத்தில் மேய்ந்த விலங்குகளுக்கென்று 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. அதில் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு வரை பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பூனை அதில் இல்லை. ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்தில் யானை புகுந்தால் பவுண்டில், அதாவது பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பட்டியில், அடைக்கலாம், பூனை புகுந்தால் முடியாது!

அந்தச் சட்டத்தை விட்டுப் பொதுவான நட்டஈட்டு வழக்காகப் போட்டாலும் அவருக்கு வழி குறுகல்தான். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1926இல் பக்கிள் எதிர் ஹோம்ஸ் என்ற வழக்கில், ஒருவருடைய பூனை அடுத்தவர் வளர்த்த புறாக்களையும் கோழிகளையும் கொன்ற விவகாரத்தை விசாரித்தது. பூனை தன் இனத்துக்கு இயல்பான காரியத்தைச் செய்ததற்கு வளர்ப்பவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இது போன்ற விஷயத்தில் தனிச் சட்டம் இல்லாதபோது இப்படிப்பட்ட தீர்ப்புகளை வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது வழக்கம். இளகிய மண்ணைத் தோண்டுவது பூனையின் இயல்பு. மேலும், நாற்றைப் பிடுங்கியது உங்கள் பூனையா, தெருப்பூனையா என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மதில் மேல் நின்று அவரிடம் சட்டம் பேச வேண்டாம். உங்கள் பக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அது நீங்கள் சோறு வைக்கும் இடம். தெருப்பூனைக்கு உணவு வைப்பது குற்றமல்ல. ஆனால் இருவருக்கும் பொதுவான சுவரின் ஓரத்தில் மீன் மிச்சம் அழுகி, ஈ மொய்த்து, நாற்றம் அவர் வீட்டுக்குள் போனால், அதைத் தொல்லை என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுவும் கொடுத்துப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கும் உருப்படியான ஆயுதம் இது ஒன்றுதான், இன்றைக்கே அதைப் பிடுங்கிவிடுங்கள். தட்டை அவர் சுவரிலிருந்து உங்கள் மனையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். ஒரே நேரத்தில் வையுங்கள், அரை மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள். இரவில் வைக்காதீர்கள், எலியும் பெருச்சாளியும் அதற்குத்தான் வரும். எலி வந்தால் எலி மருந்து வரும், அதற்குப் பிறகு பூனை எதைத் தின்று செத்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இனி அந்த "மருந்து" பேச்சு. இதில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது, ஆனால் எந்தச் சட்டம் என்பதைக் கவனித்துப் பிடிக்க வேண்டும். பலரும் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால்தான் மூன்று மாதச் சிறை என்ற பேச்சே வருகிறது. பல்லுள்ள சட்டம் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவுப்படி, எந்த விலங்கையும் கொன்றோ, விஷம் வைத்தோ, ஊனப்படுத்தியோ நட்டம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்தார்கள். இப்போது அந்த மதிப்புக் கணக்கு இல்லை. இது போலீசார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்.

ஒரு நுணுக்கம். 325ஆம் பிரிவின் அடிப்படை, யாருக்காவது அல்லது பொதுமக்களுக்கு நட்டம் விளைவிப்பது. உங்கள் வளர்ப்புப் பூனை உங்கள் உடைமை என்பதால் அதற்கு இது அப்படியே பொருந்தும். யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனை என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "யாருக்கு நட்டம்?" என்று கேட்பார். அதனால் தெருப்பூனை விஷயத்தில் வதைத் தடுப்புச் சட்டம் 11(1)(எல்) பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள். கொடூரமாகக் கொல்வதைச் சொல்லும் அந்த உட்பிரிவும் போலீசார் நேரடியாக எடுக்கக்கூடியதுதான். காலக்கெடுவும் முக்கியம்: வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் தொடரப்பட வேண்டும். "பேசிப் பார்ப்போம்" என்று ஆடி வரை இழுத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அவர் இன்னும் எதுவும் வைக்கவில்லை, வாயால்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் உடைமைக்குச் சேதம் செய்வேன் என்று மிரட்டிப் பணம் கேட்பதே நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின்படி குற்ற மிரட்டல் ஆகும். இப்போதைக்குக் காவல் நிலையத்தில் ஒரு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்தால் போதும். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, உடன் இருந்தவர் யார் என்பவை அதில் இருக்கட்டும். வர்ணனை வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காமல், அந்தக் கைபேசியையே பத்திரமாக வையுங்கள்.

அவருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள், ஒப்புகையுடன் விரைவுத் தபாலில். வழக்கறிஞர் நோட்டீசாக இருக்க வேண்டியதில்லை. "தங்கள் நாற்றுகள் சேதமானது குறித்து வருந்துகிறேன். சேதம் என் வளர்ப்புப் பூனைகளால் நேர்ந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உணவு வைக்கும் இடத்தை இன்று முதல் மாற்றிவிட்டேன். தங்கள் பாத்திக்கு வலை போடும் செலவில் பாதியை அண்டை வீட்டார் என்ற முறையில் ஏற்கத் தயார். விஷம் வைப்பதாக இன்ன தேதியில் தாங்கள் கூறியதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். பாதி வலைச் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். 15,000 ரூபாய்ச் சண்டையை அது பெரும்பாலும் முடித்துவைக்கும். முடிக்காவிட்டாலும் நீங்கள் நியாயமாக நடந்தீர்கள் என்பதற்குக் காகிதம் கையில் இருக்கும்.

அப்படியும் விபரீதம் நடந்துவிட்டால்: எச்சில் ஒழுகுவது, உடல் வெட்டி இழுப்பது, தொடர்ந்து வாந்தி எடுப்பது போன்றவை தெரிந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சீட்டில் "விஷம் சந்தேகம்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாந்தியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். பூனை இறந்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள், பெரும்பாலான வழக்குகள் அந்தக் குழியில்தான் புதைகின்றன. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, பாலித்தீனில் சுற்றி, ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுக்கள் கெட்டுப்போகும். உடனே காவல் நிலையம் போய், அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யக் கடிதம் கேளுங்கள். உள்ளுறுப்பு மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு நாள் தாமதம்கூட ஆதாரத்தைக் கெடுக்கும்.

"எலிக்குத்தான் வைத்தேன்" என்பார்கள். எலிக்கான மருந்தைப் பெரும்பாலும் தானியத்தில் கலந்து, வளை ஓரம் மறைவாக வைப்பார்கள். மதில் மேல் பொரித்த மீன் தலை கிடந்தால் அது எலிக்கு அல்ல. அதைக் கையுறை போட்டு எடுத்துத் தனி டப்பாவில் வையுங்கள். யாருக்கு வைத்தாலும், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அலட்சியமாக விஷத்தைப் போட்டால் நியாய சன்ஹிதாவின் 286ஆம் பிரிவு தனியாக இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சங்கத்தின் யோசனைக்கு வருவோம். சாக்கில் அடைத்துக் கொண்டுபோனால் வதையான முறையில் கொண்டுசெல்வது ஒரு குற்றம். தீனியும் தண்ணீரும் கிடைக்காத இடத்தில் கைவிடுவது வதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)(ஐ) பிரிவின்படி இன்னொரு குற்றம். அந்தக் கூட்டத்தில் உங்கள் வளர்ப்புப் பூனையும் போனால் உங்கள் உடைமையை எடுத்த கேள்வியும் சேரும். உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறதே என்று சிலர் 2025ஆம் ஆண்டு உத்தரவைக் காட்டுவார்கள். அது தெருநாய்கள் பற்றியது. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குட்டிகளைத் தாயிடமிருந்து இப்போது பிரித்தால் பசியில் செத்துப்போகும். எட்டு வாரம் விடுங்கள். அதற்குள் தாய் தானாகவே இடம் மாற்றினாலும் மாற்றும்.

சங்கத்தில் மறுத்துப் பேசினால் மட்டும் போதாது, மாற்றுவழி சொல்லுங்கள்: கருத்தடை. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். நான்கைந்து மாதத்துக் குட்டியே சினைபிடிக்கும். இந்தத் தாயும் பாலூட்டி முடிவதற்குள் அடுத்த ஈத்துக்குத் தயாராகிவிடலாம். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்கும், பிறகு மற்றவற்றுக்கும் அறுவை செய்து, காதுநுனியில் அடையாளம் வைத்து அதே தெருவில் விடலாம். இரவுக் கத்தல், ஆண்பூனை சுவரில் பீய்ச்சும் மூத்திர வாடை இரண்டும் அதோடு வெகுவாகக் குறையும். உங்கள் இரண்டு பூனைகளுக்கும் செய்யாமல் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். தடுப்பூசி அட்டையில் உங்கள் பெயரும் பூனையின் நிறமும் இருக்கட்டும், உடைமைக்கு அதுவே சான்று. மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் கொடுக்கிறார்களா என்று கேட்டு, கொடுத்தால் வாங்கிவிடுங்கள்.

தோட்டத்துக்குச் சட்டம் காவல் நிற்காது, வலைதான் நிற்கும். ஓர் அங்குலக் கண் உள்ள கோழிவலையைப் பாத்தி மேல் விரித்து, வளைத்த கட்டுக்கம்பியால் ஒன்றரை அடிக்கு ஒன்று குத்துங்கள். வெண்டைக்கு நான்கு இலை வந்ததும் எடுத்துவிடலாம். கீரைக்கு மட்டும் தரையோடு விரிக்காதீர்கள். தண்டு கண்ணுக்குள் நுழைந்து வளர்ந்துவிடும், வலையைத் தூக்கினால் கீரையும் சேர்ந்து வரும். அதற்கு மூங்கில் சிம்பை வளைத்து முக்கால் அடி உயரத்தில் போடுங்கள். பூனைக்குப் பிடித்தது காய்ந்த, பொலபொலப்பான மண். மாலையில் பாத்தியை ஈரமாக விட்டு, இடைவெளியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, அரை அடி ஆழத்துக்கு ஆற்று மணல் நிரப்பிக் காயவிட்டால் பெரும்பாலும் அங்கேதான் போகும். கழிவைத் தினமும் அள்ளிவிடுங்கள். பூனைக் கழிவில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்சோபிளாஸ்மா கிருமி வெளிவந்த ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம்.

இன்னொன்று, மீன் அமிலமும் எலும்புத் தூளும் போடுகிறீர்களா? பக்கத்து வீட்டிலும் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். அந்த வாடைக்குப் பூனை மண்ணை எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் தோண்டும். விதை முளைக்கும் வரை அவற்றை நிறுத்தி, மண்புழு உரத்தோடு சமாளியுங்கள். நாப்தலின் உருண்டை, மிளகாய்த் தூள் இரண்டும் வேண்டவே வேண்டாம். முதலாவது பூனைக்கு விஷம், இரண்டாவது கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மீது நீங்கள் கொடுத்த புகாரையே அவர் உங்கள் மீது திருப்பிக் கொடுக்க அது வழி செய்துவிடும். மின்கம்பி இழுப்பதைப் பற்றி யாராவது பேசினால் உடனே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள், அதில் முதலில் மாட்டுவது பந்து எடுக்க வரும் குழந்தையாக இருக்கலாம்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.