கல்லாய் இறுகிய சோடியம் சல்பேட் மூட்டை

சாயம் போட வைத்திருந்த சோடியம் சல்பேட் மூட்டை கல்லாய் இறுகிவிட்டது, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அந்த உப்பு கெடவில்லை. சாயத்தொட்டிக்கு அதையே போடலாம். எடைக் கணக்குதான் உதைக்கும்.

மூட்டைகளை வெறுந்தரையில், சுவரோரம் அடுக்கியதாகச் சொல்கிறீர்கள். அங்கேதான் ஈரம் ஏறியிருக்கும். நீரற்ற (தண்ணீர் சேராத) சோடியம் சல்பேட் 32 டிகிரிக்குக் கீழே ஈரத்தை இழுத்து இறுகிவிடும். முழுக்க நீரேறினால் 100 கிலோவில் 44 கிலோதான் உப்பு, மீதி தண்ணீர்!

கட்டியைப் பொடித்து 100 கிராம் எடுத்து, 110 டிகிரி சூட்டடுப்பில் (oven) எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். மிஞ்சும் கிராம்தான் உப்பின் விழுக்காடு; அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள். இனி மரப்பலகைமேல் அடுக்குங்கள்.

நச்சு குறைவுதான், ஆனாலும் சுத்தியலால் உடைக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். அப்புறம், லேபிளையும் பாருங்கள்: சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட்) இதே வெள்ளைப் பொடிதான், ஆனால் அது காரப்பொருள் (alkali), கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.