பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. மதிப்பீடு: கேட்டவையும் சொன்னவையும்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளின் பிரச்சினையாகவே பலரும் பார்த்து வந்தார்கள். இப்போது முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் “எனக்கும் இருக்குமோ” என்று கேட்கிறார்கள். மதிப்பீட்டுக்குப் போனால் என்ன நடக்கும், அதன்பின் சிகிச்சை எப்படித் தொடரும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலர் என்னை டாக்டர் என்று விளித்திருக்கிறீர்கள். நான் மருத்துவ உளவியலாளர். மதிப்பிடுவதும் பயிற்சி தருவதும் என் வேலை, மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர்.

மென்பொருள் ஊழியர், 34, கோவை: மேடம், இதற்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டா? முதல் நாள் என்ன கேட்பார்கள்?

ஏ.டி.எச்.டி.யைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. மூளை அலைப் பதிவை மட்டும் வைத்து உறுதிசெய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றுக்கு மருத்துவர் பரிசோதனை கேட்கலாம். அது வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

மதிப்பீடு என்பது பெரும்பாலும் உட்கார்ந்து பேசுவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவான, 18 கேள்விகள் கொண்ட ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற தன்மதிப்பீட்டுப் படிவத்தை முதலில் நிரப்பச் சொல்வோம். பிறகு விரிவான நேர்காணல் நடக்கும். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, கவனச் சிதறல் சார்ந்து 9 அறிகுறிகளையும் மிகைச்செயல்பாடு, அவசரத்தன்மை சார்ந்து 9 அறிகுறிகளையும் சொல்கிறது. பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவரிடம் இவற்றுள் ஏதேனும் ஒரு தொகுப்பில் குறைந்தது 5 அறிகுறிகள் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். அவற்றால் வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் எனக்கு முக்கியம். அதனால் “மறதி உண்டா” என்று நான் கேட்பதில்லை, யாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். “போன முறை மின்கட்டணம் கட்டிய கதையைச் சொல்லுங்கள்” என்பேன். கணக்கில் பணம் இருந்தும், கைப்பேசியில் நினைவூட்டல் மூன்று முறை ஒலித்தும், மின்வாரிய ஊழியர் வந்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு அபராதத்தோடு கட்டினேன், இந்த ஆண்டில் இது இரண்டாவது முறை என்று ஒருவர் சொல்லும்போது, ஒரு படிவம் முழுவதும் சொல்லாதது அதில் கிடைத்துவிடுகிறது.

பேராசிரியர், 46, திருச்சி: பன்னிரண்டு வயதுக்கு முந்தைய சான்றுக்கு எங்கே போவது? என் பெற்றோர் இருவருமே இல்லை.

அண்ணன், அக்கா, அத்தை, ஒரே தெருவில் வளர்ந்த நண்பர் என்று உங்களைச் சிறு வயதிலிருந்தே அறிந்த யார் பேசினாலும் பயன் உண்டு. பழைய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள். நான் மதிப்பெண்ணைவிட, ஆசிரியர் குறிப்புக்காக விட்டிருக்கும் அந்த ஒற்றை வரியைத்தான் தேடிப் படிப்பேன். “அறிவுள்ள மாணவன், கவனம் போதாது” என்று மூன்று வகுப்புகளில் மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது நல்ல சான்று. எதுவுமே இல்லையென்றாலும் மதிப்பீடு நின்றுவிடாது, நேர்காணல் நீளும், அவ்வளவுதான்.

பெற்றோர் உள்ளவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. “எங்கள் வீட்டில் எல்லாருமே இப்படித்தான்” என்று அம்மா சொல்வதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏ.டி.எச்.டி.யில் மரபுக்குப் பெரும் பங்கு இருப்பதால், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான் பேனாவை எடுப்பது வழக்கம்.

வங்கி அதிகாரி, 41, மதுரை: பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தேன். அப்படிப்பட்டவளுக்கு இது இருக்க முடியுமா? மன அழுத்தத்துக்கு இரண்டு முறை மருந்து எடுத்திருக்கிறேன்.

இருக்க முடியும். ஓடி விளையாடிப் பொருளை உடைக்கும் பையனை ஆசிரியர் கவனிக்கிறார். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்ததும், விடுதியின் மணியடிக்கும் ஒழுங்கும் பல பெண்களைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. திருமணம், குழந்தை, பதவி உயர்வு என்று சுமை ஏறி அந்தத் தாங்கல் விலகியதும்தான் எல்லாம் சரிந்து விழுகிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மனச்சோர்வு, பதற்றம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மதுப் பழக்கம் ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். தொல்லை விட்டுவிட்டு வருகிறதா, நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரித்தறிகிறோம். மனச்சோர்வு இல்லாத நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

மாணவர், 23, சென்னை: இணையத்தில் ஒரு வினாடி வினா எனக்கு 90 விழுக்காடு என்று சொல்கிறது.

அது உங்களை மருத்துவரிடம் அனுப்பப் போதும், அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

கடை உரிமையாளர், 38, ஈரோடு: மருந்து அடிமையாக்கிவிடும் என்கிறார்கள். ஆன்லைன் ஆலோசனையிலேயே சீட்டு வாங்கிவிடலாமா?

நம் நாட்டில் பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட், அடமாக்ஸெட்டின் என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றைத்தான் தருகிறார்கள். முதலாவது ஊக்க மருந்து வகை, ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். இரண்டாவது ஊக்க மருந்து அல்ல, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். பத்து நாளில் “ஒன்றும் ஆகவில்லை” என்று அதை நிறுத்துகிறவர்கள் உண்டு.

மெத்தில்ஃபெனிடேட்டைத் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு இருப்பதால்தான் அதைச் சட்டம், கடும் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலான எக்ஸ் அட்டவணையில் வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தனி உரிமம் பெற்ற கடைகளில்தான் கிடைக்கும். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், இந்த அட்டவணை மருந்துகளைத் தொலைபேசி, காணொளி வழியாக எழுதித் தரக் கூடாது என்று தடுக்கின்றன. ஆகவே நேரில்தான் போக வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில், கண்காணிப்போடு எடுப்பவர் அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் தேவையில்லை. முன்பு மது, போதைப் பழக்கம் இருந்திருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வே அதைப் பொறுத்து மாறும். இதய நோய், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

பள்ளி ஆசிரியை, 36, தஞ்சாவூர்: மருந்து தொடங்கிய பிறகு எத்தனை முறை போக வேண்டும்?

என்னைக் கேட்டால், உறுதிசெய்யப்படும் நாளைவிட அடுத்த மூன்று மாதங்கள்தான் முக்கியம். பலர் காணாமல் போவதும் அப்போதுதான். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். அளவு நிலைப்பட்ட பிறகு இடைவெளி கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடை, ரத்த அழுத்தம், நாடி. ஆண்டுக்கு ஒரு முறை மருந்து இன்னும் தேவையா என்ற மறுபரிசீலனை என்பது சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லும் முறை, அதைப் பின்பற்றுவது நல்லது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டுக்கு மாத்திரை, எட்டரைக்கு இரண்டாவது காபி, மதியச் சாப்பாட்டில் பாதி மீதம், நான்கு மணிக்கு வகுப்பில் காரணமில்லாத எரிச்சல், இரவு ஒன்றரை வரை தூக்கமில்லை. இப்படி ஒரு பக்கத்தைக் கண்டால், நேரத்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, முதலில் அந்த இரண்டாவது காபியை நிறுத்துவதா என்று மருத்துவர் உடனே தீர்மானிக்கலாம். “பரவாயில்லை டாக்டர்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவர் என்ன செய்வார்?

மாத்திரை கவனத்தைக் கூட்டும், விடைத்தாள் கட்டை எப்போது திருத்துவது என்று திட்டமிட்டுத் தராது. அதற்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பேச்சு வழியாகப் பழக்கும் அறிதல்-நடத்தை சிகிச்சையும் நேர மேலாண்மைப் பயிற்சியும் இருக்கின்றன.

அரசு ஊழியர், 44, சேலம்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு பட்டியலில் உண்டு, அதுவும் உங்களுக்கு இருந்தால் தனியாக மதிப்பிட வேண்டும்.

பொறியாளர், 31, துபாய்: ஊரில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு மருந்தை இங்கே கொண்டுவரலாமா?

மெத்தில்ஃபெனிடேட் என்றால், பயணத்துக்கு முன்பே அமீரக அரசிடம் இணையவழி அனுமதி பெற வேண்டும். மருந்துச் சீட்டும் மருத்துவ அறிக்கையும் விண்ணப்பத்துக்குத் தேவைப்படும், அவற்றை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை அதன் அசல் அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள், வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவில் கொட்டிக்கொண்டு போக வேண்டாம். ஊருக்கு வரும் விடுமுறை மூன்று வாரம்தான் என்றால், அளவு நிலைப்படும்வரை துபாயிலேயே ஒரு மருத்துவரிடம் தொடர்வது உசிதம். இங்கே நடந்த மதிப்பீட்டின் முழு அறிக்கையை அவரிடம் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை பெருமளவு குறையும்.