கப்பு ஜெயிச்ச டீம் எங்கே போச்சு? – வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல கோவை நேரு ஸ்டேடியத்தப் பத்தி ஒரு பதிலுக்கு நடுவுல சென்னை சிட்டி எஃப்சிங்கற ஃபுட்பால் கிளப்பப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு நீலகிரி மலை பூரா இருந்து கடிதம், வாட்ஸ்அப், ஒருத்தர் வாய்ஸ் மெசேஜே அனுப்பியிருக்காரு. அதனால இந்த வாரம் மத்த கேள்விய எல்லாம் தள்ளி வச்சாச்சு, முழுக்க ஃபுட்பால்.

பேரு சென்னை, ஆடுனது கோயம்புத்தூர், ஐ-லீக் சாம்பியன் வேற. இப்ப டிவியிலயும் காணோம் பேப்பர்லயும் காணோம். என்னதாங்க ஆச்சு? – வாசகர், குன்னூர்

எனக்கும் மனசுல கிடந்து அரிக்கற கேள்விங்க இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சென்னை சிட்டி சென்னை லீக்ல ஆடிட்டிருந்த கிளப். 2016-17 சீசனுக்கு ஐ-லீக்ல, அப்ப நாட்டோட முதல் ஃபுட்பால் லீக் அதுதான், புது டீமுக்கு இடம் குடுத்தப்ப இவங்களும் பஞ்சாப்ல இருந்து மினர்வாவும் நேரடியா உள்ள வந்தாங்க. முதல் வருஷம் சென்னை நேரு ஸ்டேடியம். ஆனா அங்க ஏற்கனவே சென்னையின் எஃப்சி இருக்கு, அபிஷேக் பச்சன், தோனின்னு பெரிய பேருங்க, 2015ல இந்தியன் சூப்பர் லீக், அதான் ஐஎஸ்எல், அந்தக் கப்பும் ஜெயிச்சாச்சு, ஊரே அந்த நீல ஜெர்சி பின்னாடி. அதோட 2017-18ல இருந்து ஐஎஸ்எல்லும் ஐ-லீக்கும் ஒரே சமயத்துல நடக்க ஆரம்பிச்சுது. அந்த சீசன்லதான் சென்னை சிட்டி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாறுச்சு. பேர மட்டும் மாத்தல.

அந்த வருஷம் 10 டீம்ல 8ஆவது இடம். கன்னியாகுமரி கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் ஆடுன ஆட்டத்தப் பாத்துட்டு ஐஎஸ்எல்ல ஜாம்ஷெட்பூர் தூக்கிட்டுப் போயிருச்சு. போச்சு, இருந்த ஒரு நல்ல பிளேயரும் போயாச்சுன்னு நெனச்சோம். ஆனா சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ் வேற கணக்கு போட்டு வச்சிருந்தாரு. ஸ்பெயின்ல கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டிருந்த நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க, அதுல பெத்ரோ மான்சி உருகுவேல பிறந்து ஸ்பெயின்ல ஆடுனவரு, பெரிய பேரெல்லாம் கெடையாது. சீசன் முதல் மேட்ச்லயே இந்தியன் ஏரோஸ் மேல ஹாட்ரிக். சீசன் முடியறப்ப 21 கோல். கூட நெஸ்டர், சாண்ட்ரோ, நம்ம பசங்க எட்வின், ரொமாரியோ. பந்தைத் தரையில வச்சே சின்னச் சின்ன பாஸா ஆடுவாங்க, முட்டி மோதற ஆட்டம் கெடையாது. அதுவரைக்கும் நம்ம பக்கம் ஒரு டீம் அப்படி ஆடி நான் பாத்ததில்ல.

2019 மார்ச்ல சாம்பியன். சுவிட்சர்லாந்தோட எஃப்சி பாசல், சாம்பியன்ஸ் லீக்ல எல்லாம் ஆடுன கிளப், 26 சதவீதம் பங்கு வாங்கிச்சு. இதுக்கு மேல என்ன வேணும்னுதான் எல்லாரும் நெனச்சோம்.

ஆனா அங்கேயே ஒரு முட்டுக்கட்டை. ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐஎஸ்எல்லுக்குப் போக வழியே இல்ல. அப்ப ப்ரோமோஷன்னு ஒண்ணு கெடையாது, அந்த வருஷமே ஐஎஸ்எல்லத்தான் நாட்டோட முதல் லீக்னு ஆக்கிட்டாங்க. ஜெயிச்ச டீம் ஒரே ராத்திரியில ரெண்டாவது படியில நிக்குது. அப்புறம் நல்ல பிளேயர் எதுக்கு இருப்பான்? நெஸ்டர் ஹைதராபாத் போனாரு, எட்வின் சென்னையின் போனாரு, 2020 ஜனவரியில மான்சி ஜப்பானுக்கே போயிட்டாரு, ரொமாரியோ கோவாவுக்கு. யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், ஃபுட்பால் பிளேயருக்கு பத்து வருஷம்தான் சம்பாத்தியம்.

ஏஷியா போட்டிக்கு எடம் கெடச்சுது, அதையும் கோயம்புத்தூர்ல ஆட முடியல, அகமதாபாத்ல போய் ஆடுனாங்க. பஹ்ரைன் டீமோட ஒண்ணு தோத்தாச்சு, ஏஎஃப்சி கப்ல மாலத்தீவு மாசியாவோட 2-2. அது 2020 மார்ச். அடுத்த ரெண்டாவது வாரம் நாடே லாக்டவுன், அந்தப் போட்டியே ரத்து. 2020-21 ஐ-லீக் முழுக்க வங்காளத்துல ஆளில்லாத கிரவுண்டுல நடந்துச்சு, நம்ம டீம் கீழ இறங்கிக்கிட்டே போச்சு, அதுக்கடுத்து 2021-22க்கு கிளப் லைசென்ஸ் கிடைக்காம லீக்கை விட்டே வெளிய. சாம்பியன் ஆகி மூணு வருஷம்கூட முழுசா ஆகல.

என் மனசுல பட்டதைச் சொல்றேன். கோயம்புத்தூர்ல அந்த டீமுக்குக் கை தட்டுனவங்க இருந்தாங்க, ஆனா அந்த டீம் எங்க ஊரு டீம்னு சொல்றதுக்கு பேருல ஊர் இல்ல, ஊருக்குள்ள டீமோட சொந்த கிரவுண்டு இல்ல, நம்ம வீட்டுப் பையன் 12 வயசுல போய்ச் சேர்ந்து 20 வயசுல அதே ஜெர்சி போடற அளவுக்கு காலமும் கிடைக்கல. டீம் லீக்கை விட்டுப் போனப்ப, கோர்ட்டு கேஸு தர்ணான்னு இல்லாட்டியும் ஒரு ஆயிரம் பேரு ரோட்டுல நின்னு எங்க டீம் எங்கடான்னு கேக்கணும்ல, யாரும் கேக்கல. நானும் கேக்கல.

கப்பு ஜெயிச்ச கடைசி மேட்ச் அன்னிக்கு நான் ஊர்ல இல்ல, சவுதியில வேலை. நீங்க போனீங்களா? எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. – வாசகர், கோத்தகிரி

போனேன். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. குன்னூர்ல பஸ் ஏறி பர்லியார்ல டீ குடிச்சுட்டு மேட்டுப்பாளையம் வழியா மத்தியானமே போய்ச் சேர்ந்தாச்சு. எங்க கூட எஸ்டேட் பசங்க ஆறு பேரு, ரெண்டு பேரு டிரம் வேற தூக்கிட்டு வந்தானுங்க.

கணக்கு என்னன்னா நமக்கு 40 பாயிண்ட், கொல்கத்தா டீம் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. போன வாரமே முடிச்சிருக்கணும், சர்ச்சில் பிரதர்ஸ்கிட்ட 3-2ன்னு தோத்து கடைசி நாள் வரைக்கும் இழுத்து விட்டாச்சு. நமக்கு எதிரா மினர்வா, அவங்கதான் போன வருஷ சாம்பியன். அதே நேரத்துல ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டுல கேரளா டீம் கோகுலத்தோட. யோசிச்சுப் பாருங்க, நம்ம மலைக்கு இந்தப் பக்கம் இறங்குனா கோயம்புத்தூர், அந்தப் பக்கம் இறங்குனா கோழிக்கோடு, நீலகிரிய நடுவுல வச்சுட்டு ரெண்டு பக்கமும் ஒரே கப்புக்கு ஆட்டம்.

மூணாவது நிமிஷம் மினர்வா கோல். ஸ்டேடியமே உறைஞ்சு போச்சு, டிரம் அடிச்சவன் கையக் கீழ போட்டுட்டான். ஹாஃப் டைம் வரைக்கும் அப்படியே. கோழிக்கோட்டுல இன்னும் 0-0, ஆனா அங்க ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டா முடிஞ்சுது. 56ஆவது நிமிஷம் பெனால்டி, மான்சி அடிச்சாரு, 1-1. அப்புறம் 69ஆவது நிமிஷம் கவுரவ் போரா, டிஃபென்ஸ்ல ஆடற பையன், அவன் கோல் போடுவான்னு யாரும் எதிர்பாக்கல, 2-1. கிட்டத்தட்ட அதே நேரத்துல கோகுலமும் கோல் போட்டுச்சுன்னு போன்ல பாத்துட்டு ஒருத்தர் கத்தறாரு, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க எல்லாம் கட்டிப் பிடிச்சுக்கறாங்க. ஆனா ஈஸ்ட் பெங்கால் திருப்பி ரெண்டு போட்டு 2-1ன்னு ஜெயிச்சுட்டாங்க, அப்ப நாங்க ஒரு கோல் வாங்குனாலும் கப்பு கொல்கத்தாவுக்கு. அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் நான் கிரவுண்டப் பாத்தத விட வாட்சப் பாத்ததுதான் ஜாஸ்தி. இஞ்சுரி டைம்ல அதே போரா இன்னொண்ணு போட்டான் பாருங்க. 3-1. 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42.

திரும்பி வர்றப்ப மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுல ஊட்டி பஸ்ஸுக்கு நின்ன கூட்டத்துல பாதி நம்ம ஆளுங்கதான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுக்கும் பசங்க ஒரு பிளேயர் பேரைச் சொல்லிக் கத்திட்டே வந்தானுங்க, டிரைவர் ஒரு வார்த்தை திட்டல.

கூடலூர்ல பாதிப் பேரு கோகுலம் கேரளா ரசிகருங்க. தமிழ்நாட்டுல இருந்துட்டு கேரளா டீமுக்குக் கை தட்டறது தப்பா சேட்டா? – வாசகர், கூடலூர்

தப்பே இல்ல. நாடுகாணி இறங்குனா மலப்புறம், அங்க பக்கத்துக்கு ஏழு பேரு ஆடற செவன்ஸ் ஃபுட்பால் பாத்து வளர்ந்த ஊருங்க உங்க ஊரு. கோகுலம் 2017ல ஆரம்பிச்ச கிளப், 2019ல மோகன் பகானை 2-1ன்னு ஜெயிச்சு டூரண்ட் கப், அப்புறம் 2020-21, 2021-22ன்னு அடுத்தடுத்து ரெண்டு தடவை ஐ-லீக். ஐ-லீக்னு பேரு வந்ததுக்கப்புறம் கப்பைத் தக்க வச்ச முதல் டீம் அதுதான். அவங்களும் ஜெயிச்சும் மேல போக முடியாம நின்னவங்கதான். 2022-23ல தான் ஜெயிச்சா ஐஎஸ்எல்னு கதவைத் தொறந்தாங்க, முதல்ல போனது யாருன்னு தெரியுமா, பஞ்சாப். அன்னிக்கு கோயம்புத்தூர்ல நம்மகிட்ட 3-1ன்னு தோத்துச்சே அதே மினர்வா, பேரும் ஓனரும் மாறி வந்த டீம். இதப் படிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

ஊட்டி உயரத்துல ஆடிப் பழகுனா கீழ போய் நல்லா ஓடலாம்னு கோச் சொல்றாரு, நிஜமா? – மாணவர், ஊட்டி

நிஜம்தான் தம்பி, ஆனா ஒரு வாரத்துல நடக்காது. மூணு வாரமாவது தங்கிப் பழகணும், அப்பதான் ரத்தத்துல சிவப்பணு கூடி ஆக்ஸிஜன நல்லா சுமக்கும். நீ அங்கயே பிறந்து வளர்ந்தவன், உனக்கு அது ஏற்கனவே இருக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான், 1970லயும் 1986லயும் வேர்ல்டு கப் ஃபைனல் அங்கதான் நடந்துச்சு. காத்து லேசா இருக்கறதால அங்க பந்து வேகமா, தூரமாப் போகும். அதனால கீழ போய் ஆடறப்ப லாங் பாஸ் கொஞ்சம் குறைவா விழும், அத மட்டும் மனசுல வச்சுக்கோ.

நான் 9ஆவது படிக்கிறேன் அண்ணா, ஸ்கூல் கேர்ள்ஸ் டீம்ல லெஃப்ட் விங். எங்க பக்கம் பொண்ணுங்களுக்கு பெரிய கிளப் ஏதாவது உண்டா? – மாணவி, கொடைக்கானல்

நீலகிரிக்காரங்க நடுவுல ஒரே ஒரு பழனி மலைக் கடிதம், சந்தோஷம் தங்கச்சி. உண்டு. வத்தலக்குண்டு இறங்கி மதுரை போனா சேது எஃப்சி. 2019 மே மாசம் லூதியானாவுல மணிப்பூர் போலீஸ் டீமை 3-1ன்னு ஜெயிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன் ஆனாங்க. அதாவது மார்ச்ல ஆம்பளைங்க கப்பு, மே மாசம் பொம்பளைங்க கப்பு, மூணு மாசத்துக்குள்ள ரெண்டும் தமிழ்நாட்டுக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அதுக்கு முந்தின வருஷம் கட்டாக்ல நம்ம மாநில பெண்கள் டீம் மணிப்பூரையே ஜெயிச்சு நேஷனல் சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு மிட்ஃபீல்டுல ஆடுனவங்க, நம்ம போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டராவும் இருந்தவங்க. உங்க பிடி மாஸ்டர்கிட்ட சொல்லி மாவட்ட செலக்‌ஷனுக்குப் பேரு குடு, 9ஆம் கிளாஸ் சரியான வயசு.

எங்க தாத்தாவுக்கு 88 வயசு, எம்ஆர்சில இருந்தவரு. வெலிங்டன் டீம் இந்தியாவுலயே பெரிய கப்பு ரெண்டு தடவை ஜெயிச்சுதுன்னு சொல்றாரு, வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. தாத்தா சொல்றது சரியா? – வாசகர், அருவங்காடு

நூத்துக்கு நூறு சரி. வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு இதப் படிச்சுக் காட்டுங்க.

எம்ஆர்சின்னா மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், குன்னூர் பக்கம் வெலிங்டன்ல இருக்கற பட்டாள சென்டர், 1955ல டூரண்ட் கப் ஜெயிச்சுது, ஃபைனல்ல ஏர் ஃபோர்ஸ். 1958ல திரும்பவும், அந்தத் தடவை கூர்க்கா பிரிகேட். டூரண்ட்னா சும்மா இல்ல, 1888ல ஆரம்பிச்சது, ஏஷியாவுலயே பழைய போட்டி. அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்க, 53ல மோகன் பகான், 54ல ஹைதராபாத் போலீஸ், 55ல நம்ம வெலிங்டன், 56ல ஈஸ்ட் பெங்கால், 57ல திரும்ப ஹைதராபாத் போலீஸ், 58ல நம்ம வெலிங்டன், 59ல மோகன் பகான். அந்த ஜாம்பவானுங்களுக்கு நடுவுல நம்ம பேரக்ஸ் டீம்.

அந்த டீமோட கோல்கீப்பர்தான் பீட்டர் தங்கராஜ். முதல்ல சென்டர் ஃபார்வர்டா ஆடிட்டிருந்தவரு, கோலுக்கு மாறுனாரு. மெல்போர்ன், ரோம்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ், 1962 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ் ஃபைனல்ல தென்கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்குனப்ப கோல்ல நின்னவரு, 1967ல அர்ஜுனா. அப்புறம் கொல்கத்தாவுல மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூணுலயும் ஆடுனாரு. அங்க இன்னிக்கும் பேரு சொன்னா பெரியவங்களுக்குத் தெரியும், நம்ம குன்னூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல.

சென்னை சிட்டிக்கு இல்லாதது இவங்ககிட்ட இருந்துச்சு பாருங்க, சொந்த கிரவுண்டு, சொந்த ஆளுங்க, எங்க போய் ஆடுனாலும் திரும்பி வர ஒரு ஊரு. பட்டாளத்துல சேந்த பையனுக்கு சம்பளம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கயே, ஒருத்தர் ரிட்டையர் ஆனா அடுத்த பேட்ச் ரெடி.

ஒரு உதவி பண்ணணும் நீங்க. 58ல கப்போட டீம் வெலிங்டன் திரும்புனப்ப தாத்தா அங்க இருந்தாரான்னு கேளுங்க. யாரு வரவேத்தாங்க, குன்னூர் ஸ்டேஷன்ல இருந்து ஊர்வலம் வந்துச்சா, தங்கராஜ் எந்த ரூம்ல தங்கியிருந்தாரு, எது ஞாபகம் இருந்தாலும் சரி. அவரு பேசப் பேச போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, தாத்தா சம்மதிச்சா அடுத்த இதழ்ல ஒரு வரி விடாம போடறேன். பழைய போட்டோ இருந்தா ஆல்பத்துல இருந்து பிச்சு எடுக்காதீங்க, அப்படியே படம் புடிச்சு அனுப்பிச்சா போதும்.