துரோ கப்பலை மேடையேற்ற எதைப் படிப்பது?

கேள்வி: 1860 நவம்பர் 16 அன்று துரோ (Truro) கப்பலில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்திறங்கிய நிகழ்ச்சியை, அக்கால உடையோடும் உணவோடும் எங்கள் சங்கத்து இளைஞர்கள் நடித்துக் காட்ட விரும்புகிறார்கள். இதற்கு உதவும் நூல்கள், இதழ்கள் எவை?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஜே ஆண்டர்சன் 1984இல் வெளியிட்ட ‘டைம் மெஷின்ஸ்’ என்னும் ஆங்கில நூலிலிருந்து தொடங்குங்கள், அருங்காட்சியகத்தாரும் ஆய்வாளரும் பொழுதுபோக்காக நடிப்பவரும் பழங்காலத்தை எவ்வாறு வாழ்ந்து காட்டுகிறார்கள் என்பதை அது விளக்குகிறது. இத்துறை இதழ்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரரின் சீருடையையும் வாளையுமே பேசுவதால், கைத்தையல் போன்ற செய்முறைகளை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலைக்கு இவை அனைத்தையும்விடப் பயன்படுவது கப்பல் பதிவேடுதான். சென்னையிலிருந்து வந்த அந்த 342 பேரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றை எழுத்தர்கள் குறித்து வைத்ததால், ஒவ்வொரு நடிகருக்கும் உண்மையான ஒரு மனிதரின் குறிப்பையே வேடமாகக் கொடுக்க முடியும். ஆனால் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கும் என்பதால், வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துப் படிப்பது நல்லது. அவர்களின் கூலி ஒப்பந்தத்தையும் பாருங்கள்: முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங், பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பிற்காலத் தோட்டப் புகைப்படங்களைப் பார்த்து 1860இன் உடையை முடிவு செய்யாதீர்கள். பாலியெஸ்டர் சேலை அறவே வேண்டாம்.