வாகனக் கேள்வி-பதில்: தொட்டுப் பார்க்காதவர் ஏலம் கேட்கும்போது

பெரிய என்ஜின் கொண்ட, நெடும்பயணத்துக்கான சொகுசு கிராண்ட் டூரிங் கார்களை இணைய ஏலத்தில் விற்பது பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னிடம் 2008 தயாரிப்பு பெண்ட்லி கான்டினென்டல் ஜிடி, டபிள்யூ12 இருக்கிறது. பிரிட்டனிலிருந்து ரீகண்டிஷன் காராக (அங்கே ஓடிய பழைய காராக) வந்து 2012-இல் இங்கே பதிவானது. டீலர்கள் சொல்லும் விலை மனத்துக்கு ஒப்பவில்லை. ஏலத்தில் போடுவதற்கு முன் என்ன தயார் செய்யவேண்டும்?
- வாசகர், டாமன்சாரா

பதில்: ஏலம் கேட்பவர் உங்கள் காரின் கதவைக்கூடத் திறந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள் காட்டாத ஒவ்வொன்றையும் அவர் பழுதாகவே எண்ணிக் கழிப்பார். கழிக்கும்போது உள்ளதிலேயே பெரிய செலவைத்தான் போடுவார். உங்கள் காரில் அந்தத் தொகை சிறியதல்ல. 5,998 சிசி, 12 சிலிண்டர், இரட்டை டர்போ என்று அந்த என்ஜின் பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு கூலன்ட் குழாய் கசிந்தால், பல சமயம் என்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்கமுடியும். குழாயின் விலை கொஞ்சம், கூலிதான் மலை. அடியில் ஈரம் தெரிகிற ஒரே ஒரு படம், விளக்கமில்லாமல் இருந்தால், அந்தக் கூலி முழுவதும் உங்கள் விலையிலிருந்து போய்விடும்.

அதனால் முதல் வேலை, காரை லிஃப்டில் ஏற்றுவது. இதில் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால், தூக்குவதற்கு முன் ஜாக் மோடில் போடச் சொல்லுங்கள். மறந்தால் கார் தானே மட்டம் சரிசெய்யப் பார்க்கும். அடி மூடியைக் கழற்றி என்ஜின், கியர்பாக்ஸ் சட்டி, முன் சக்கர ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள், டயரின் உள் விளிம்பு, பிரேக் டிஸ்க் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். கசிவு இருந்தால் எங்கே, எவ்வளவு, பட்டறை என்ன விலை சொன்னது என்று எழுதிவிடுங்கள். விலை தெரிந்த பழுதுக்கு அந்த அளவுதான் கழிப்பார்கள். தெரியாத பழுதுக்கு அளவே இல்லை.

அடுத்தது குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பானெட்டில் கை வைத்துக் காட்டி, மீட்டரில் கிலோமீட்டரையும் வெப்பமுள்ளையும் காட்டி, சாவியைத் திருப்புங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு அணைவது தெரியவேண்டும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பின்னால் போய்ப் புகைக்குழாயைக் காட்டுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அது சத்தத்தை மறைப்பதாகத்தான் படும்.

காரின் கணினியில் பதிந்த பழுதுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேன் அறிக்கையும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் ஸ்கேன் எடுப்பதற்குச் சற்று முன்னால் பழைய பழுதுக் குறியீடுகளை அழித்தால், சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று அதே அறிக்கை சொல்லிவிடும். அதைப் பார்த்ததும் நல்ல வாங்குபவர் ஒதுங்கிக்கொள்வார். பின்பக்கச் சாமான் அறையில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்தபின் ஸ்கேன் எடுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் சம்பந்தமில்லாத பழுதுக் குறியீடுகள் எல்லாம் வந்து நிற்கும்.

நம் ஊர் மழைக்கென்றே ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்புறத் தொட்டியில் இருக்கும் வடிகால் துளைகளை இலைதழை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளை நனைக்கும். துளைகளைச் சுத்தம் செய்து, கம்பளத்தைத் தூக்கி, காய்ந்த தரையைப் படமாகக் காட்டுங்கள். ஈரமாக இருந்தால், உலர்த்தி முடிக்காமல் ஏலத்தில் போடவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆறு வேகப் பெட்டியைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருந்தால் அதைப் படமெடுத்து முன்னால் வையுங்கள்.

பிரிட்டன் கார் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அந்நாட்டில் கார் மூன்று ஆண்டை எட்டியதும் வருடாந்தரச் சோதனை தொடங்கிவிடும். ஒவ்வொரு சோதனையிலும் பதிந்த மீட்டர் எண்ணிக்கையை, பழைய பிரிட்டன் நம்பர் பிளேட்டைக் கொடுத்தால் அரசாங்கத் தளம் இலவசமாகக் காட்டும். உங்கள் கார் அங்கே அந்த வயதைத் தாண்டித்தான் புறப்பட்டது என்றால், ஒரு பதிவாவது இருக்கவேண்டும். அது மைலில் இருக்கும், 1.609-ஆல் பெருக்கிக் கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதுங்கள். தயாரிப்பு ஆண்டு 2008, பதிவு ஆண்டு 2012 என்று இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். பதிவாண்டை மட்டும் போட்டால், பாதி ஏலத்தில் உண்மை வெளியே வரும்போது உங்கள் மற்ற எல்லாச் சொல்லும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

கேள்வி: 2009 மசெராட்டி கிரான்டூரிஸ்மோ. டேஷ்போர்டு பொத்தான்கள் பிசுபிசுக்கின்றன, ஏர்கோன் சரியாகக் குளிரவில்லை, முன் பம்பரில் கல் பட்ட புள்ளிகள். எதைச் சரிசெய்துவிட்டு விற்கலாம்?
- வாசகர், தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: ஏர்கோனைச் செய்யுங்கள். நம் வெயிலில் அது இல்லாத காருக்கு யாரும் மனம்விட்டு ஏலம் கேட்கமாட்டார்கள்.

பம்பரைத் தொடாதீர்கள். கல் புள்ளி என்பது நெடுஞ்சாலையில் ஓடிய காரின் இயல்பு. புதிதாகச் சாயம் அடித்த பம்பரைக் கண்டால், ஏன் அடித்தார்கள் என்ற கேள்விதான் வரும். மாறாக, ஒரு பெயின்ட் மீட்டர் கொண்டு ஒவ்வொரு தகட்டையும் அளந்து எழுதுங்கள். தொழிற்சாலைச் சாயம் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 200-க்கு மேல் போனால் மறுசாயம், 500-ஐத் தாண்டினால் அடியில் நெளிவை நிரப்பிய புட்டிப் பூச்சு இருக்கக்கூடும். காந்தத்தால் மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அலுமினியத் தகட்டில் வேலை செய்யாது. இரண்டு உலோகத்தையும் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொத்தான் பிசுபிசுப்பு இந்தக் கார்களில் எல்லாரும் அறிந்தது. மேல்பூச்சு வெப்பத்தில் இளகிவிடுகிறது. தின்னர் வைத்துத் தேய்த்தால் பூச்சோடு எழுத்தும் குறியும் போய்விடும். பொத்தான்களைக் கழற்றிப் பழைய பூச்சை நீக்கி, புதிதாகப் பூசித் தருகிறவர்களிடம் கொடுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அப்படியே விட்டு, கிட்டத்தில் படம் எடுத்துச் சொல்லிவிடுவதே மேல்.

கடலோரத்தில் நிறுத்தும் கார் என்றால் துருவைப் பற்றிக் கேட்பார்கள். அடிப்பகுதி போல்ட்டுகள், புகைக்குழாய்க் கவ்விகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றின் படத்தைக் கேட்கும் முன்பே போட்டுவிடுங்கள். டயரின் நான்கு இலக்கத் தேதியும் அப்படித்தான்: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம்.

கேள்வி: ரிசர்வ் விலையை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற விலையை, எப்படி வைப்பது? ரிசர்வே இல்லாமல் விட்டால் கூட்டம் வரும் என்கிறார்களே?
- வாசகர், செராஸ்

பதில்: விலை ஏறுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மலேசியாவில் இத்தகைய காரைப் பணத்தோடு தேடுபவர்கள் கொஞ்சம் பேர். அந்த வாரத்தில் ஒருவர் மட்டும் இருந்தால், ரிசர்வ் இல்லாத கார் அடிமாட்டு விலைக்குப் போகும். ஆகவே ரிசர்வ் வையுங்கள், ஆனால் ஆசைக்கு வைக்காதீர்கள். கடனை முழுதாக அடைக்க வங்கி கேட்கும் தீர்வுத் தொகை, தளத்தின் கமிஷன், ஏலத்துக்காகச் செய்த செலவு மூன்றையும் கூட்டுங்கள். அதற்குமேல் கையில் எவ்வளவு வந்தால் வருத்தமில்லாமல் சாவியைக் கொடுப்பீர்களோ, அதுதான் ரிசர்வ். கடன் அறிக்கையில் தெரியும் பாக்கி வேறு, வங்கி எழுத்தில் தரும் தீர்வுத் தொகை வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்குபவரின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 3,000 சிசிக்கு மேல் சாலை வரி 2,130 ரிங்கிட்டோடு, கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட். 5,998 சிசி கான்டினென்டலுக்கு ஆண்டுக்கு 15,621 ரிங்கிட். அதே உடலில் 3,993 சிசி எட்டு சிலிண்டர் வி8 என்றால் 6,598.50 ரிங்கிட். டபிள்யூ12 வைத்திருப்பவர், பக்கத்தில் விற்ற வி8-இன் விலையைப் பார்த்து ரிசர்வ் வைத்தால் ஏமாற்றம்தான்.

டீலர்கள் மட்டும் கேட்கும் ஏலத்தில் கார் வேகமாகப் போகும், ஆனால் அவர்களின் லாபமும் நிறுத்திவைக்கும் செலவும் உங்கள் தொகையிலிருந்துதான் வரும். பொதுமக்கள் கேட்கும் தளமே இத்தகைய காருக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. கடைசி நிமிடங்களில் விலை கேட்டால் நேரம் தானாக நீளும் தளமாகப் பாருங்கள். மைத்துனரை விட்டு விலை ஏற்றச் சொல்வது மோசடி; செய்யாதீர்கள்.

கேள்வி: நம்பர் பிளேட் எனக்கு ராசியானது. அதை வைத்துக்கொள்ள முடியுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும், பெயர் மாற்றத்துக்கு முன்பே செய்தால். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எண்ணை உங்கள் இன்னொரு காருக்கு மாற்றி, விற்கும் காருக்கு வேறு எண் வாங்கவேண்டும். காப்புறுதியிலும் திருத்தவேண்டும். எண் விற்பனையில் சேராது என்று ஏலப் பக்கத்தில் முதல் நாளே எழுதுங்கள்.

கேள்வி: ஏலம் முடிந்தபின் பணம், பெயர் மாற்றம், சாவி எந்த வரிசையில் நடக்கவேண்டும்?
- வாசகர், பங்சார்

பதில்: ஏலத்துக்கு முன்னரே உங்கள் பெயரில் நிற்கும் போக்குவரத்து அபராதச் சம்மன்களைக் கட்டிவிடுங்கள். கடன் இருந்தால் தீர்த்து, வங்கியின் உரிமைக்கோரல் நீங்கியதா என்று உறுதிசெய்யுங்கள். கடனோடு காரைக் கைமாற்றும் சம்புங் பயாருக்கு யார் கேட்டாலும் ஒப்பாதீர்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம்.

பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் பி7-உம் வேண்டும். இந்த வகைக் கார்கள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களுக்குத்தான்: முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் புகவேண்டும், அதைவிட இருட்டான டின்ட், அலங்கார எழுத்து நம்பர் பிளேட், பதிவுச் சான்றான கிராண்டில் இல்லாத நிறம்.

பிறகு வாங்குபவர் தன் பெயரில் காப்புறுதி எடுப்பார். பணம் உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பார்க்கவேண்டும். அவர் அனுப்பும் ரசீதுப் படம் கணக்கில் சேராது. இத்தகைய தொகைக்கு, வங்கிகளுக்கிடையே பெருந்தொகை அனுப்பும் ரென்தாஸ் முறை பொருத்தம், அன்றைக்கே வந்துவிடும். வங்கிக் காசோலை தந்தால், அது மாறும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். முன்பின் தெரியாத இருவருக்கு, தளமே பணத்தைப் பிடித்து வைத்துப் பெயர் மாறியதும் விடுவிக்கும் ஏற்பாடு சிறந்தது. இல்லையென்றால் இருவரும் ஜேபிஜே அலுவலகத்திலேயே சந்தியுங்கள். பணம் வந்தபின் பெயர் மாற்றம், பெயர் மாறியபின் சாவி. வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மாற்றிக்கொள்கிறேன் என்பவருக்குக் கொடுத்தால், இடையில் வரும் சம்மனும் விபத்தும் உங்கள் பெயரில்தான் விழும். கணக்கு எண்ணில் ஐயம் இருந்தால் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தேடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

பெயர் மாறியதும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லி இழப்பீடு கோராததற்கான உங்கள் என்சிடி தள்ளுபடியை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உச்சமான 55 விழுக்காட்டை எட்டியவர்களுக்கு அது நல்ல பணம். காரில் பதிந்த கைப்பேசித் தொடர்புகளை அழியுங்கள். முன்விளக்கில் ஒட்டிய, டோல் கட்டணம் கழிக்கும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரையும் உங்கள் இ-வாலட் கணக்கிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால் புதிய உரிமையாளர் போகும் ஒவ்வொரு டோலுக்கும் பணம் உங்களிடமிருந்தே கழியும்.