ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லையே? வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "ஜாமீன் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்." அதனால் முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

என் கணவர் கட்டட வேலை செய்கிறவர். வேறு மாவட்டத்தில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு அடிதடி வழக்கு. ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. தலா 25,000 ரூபாய்க்கு இரண்டு சூரிட்டி (ஜாமீன்தாரர்), அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்று உத்தரவு. 50,000-க்கு நான் எங்கே போவேன்?

அம்மா, வட்டிக்கு எங்கும் கடன் வாங்கிவிடாதீர்கள். அந்த 50,000-ஐ யாரும் இப்போது கட்டச் சொல்லவில்லை. "இவர் வாய்தாவுக்கு வராமல் போனால் இவ்வளவு தருகிறேன்" என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் அது. இதைப் புரியவைக்க ஆள் இல்லாமல் தாலியை அடகு வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சிக்கல் பணம் இல்லை, காகிதம். வீட்டு வரி ரசீதோ சொத்து மதிப்புச் சான்றோ வைத்திருக்கிற இரண்டு பேர் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. 1978-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மோதிராம் வழக்கில் அவரும் ஒரு கொத்தனார்தான். கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குச் சூரிட்டி கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, வேறு மாவட்டத்துக்காரர் என்று திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியிலேயே, அவரை விடச் சொன்னார். ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே "லோக்கல் சூரிட்டி" நடக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் காத்திருக்காமல் நேராக ஆணைக்குழு அலுவலகத்துக்கே போங்கள். 15100-க்கும் போன் செய்யலாம், கட்டணம் இல்லை. ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. உள்ளூர் சூரிட்டி கேட்பதால்தான் தாமதம் என்றால் அந்த நிபந்தனையைப் போட வேண்டாம் என்பதும் அதில் உண்டு. பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 484-வது பிரிவே சொல்கிறது. குறைக்கச் சொல்லி செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு போடலாம். சூரிட்டிக்குப் பதில் ஒரு தொகையை டெபாசிட்டாகக் கட்ட அனுமதி கேட்க 490-வது பிரிவு இருக்கிறது. அதற்கும் வழியில்லாத ஏழைக் கைதிகளுக்காக மத்திய உள்துறையின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023-ல் தொடங்கியபோது அதன் வரம்பு 40,000 ரூபாய். அதையும் ஆணைக்குழுவிடமே கேளுங்கள்.

இன்னொன்று. வழக்கில் உள்ள பிரிவுகள் எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களாக இருந்து, கைதான ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியவில்லை என்றால், அவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு சூரிட்டி இல்லாமல் விட வேண்டும். இது 478-வது பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பிரிவுகளைச் சரிபாருங்கள்.

கோர்ட் வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் சூரிட்டி ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். நம்பலாமா?

வேண்டாம். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் எழுதித் தர வேண்டும். இந்த ஆட்கள் அதில் பொய் சொல்வார்கள், சில சமயம் ரசீதே போலியாக இருக்கும். மாட்டினால் ஜாமீன் ரத்தாகும், புதிதாக ஒரு மோசடி வழக்கும் வரும். ஆனால் அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? சொத்து இல்லாதவனிடம் சொத்துக் காகிதம் கேட்டால் அதை விற்கவும் ஒருவன் வரத்தான் செய்வான்.

நண்பனுக்குச் சூரிட்டி போட்டேன். இப்போது அவன் போனையே எடுப்பதில்லை. நான் ஜெயிலுக்குப் போவேனா?

உடனே போக மாட்டீர்கள். அவர் வராவிட்டால் முதலில் உங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், அப்புறம் தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டவும் முடியாமல், வசூலிக்கவும் வழியில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை உண்டு. அதுவரை ஏன் விடுகிறீர்கள்? 489-வது பிரிவில், என்னை விடுவியுங்கள் என்று இப்போதே மனு போடலாம். நண்பருக்கு வாரண்ட் வரும், நட்பு போகும். அது உங்கள் முடிவு.

90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் தானாக ஜாமீன் என்கிறார்களே?

உரிமை உண்டு, ஆனால் தானாக நடக்காது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். 61-வது அல்லது 91-வது நாள் காலையிலேயே மனு போட்டுவிடுங்கள். நீங்கள் மனு போட்டு, பிணை தரவும் தயாராக இருந்தால், மதியம் குற்றப்பத்திரிகை வந்தாலும் அந்த உரிமை போகாது. மனு போடாமல் இருக்கும்போது அது வந்துவிட்டால் போய்விடும். ஒரு நாள் அசந்ததால் இதை இழந்தவர்கள் நிறைய.

தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தால் விட்டுவிடுவார்களாமே? என் தம்பிக்குப் பொருந்துமா?

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்., 479-வது பிரிவு. இதற்கு முன் தண்டனையே பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, மற்றவர்களுக்குப் பாதி. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஆக முதல் முறைக்காரர் ஓராண்டில் வரலாம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு.

ஆனால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வதும் அதே பிரிவுதான். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் கிடையாது. அதாவது போகட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தாலும் கிடையாது. எந்த எஃப்.ஐ.ஆரில் ஒரே ஒரு பிரிவு இருக்கிறது, சொல்லுங்கள்? 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இந்த விதிவிலக்கைத் திருத்தாமல் அந்த எண்ணிக்கை பெரிதாகக் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் ஜாமீன் பணத்தையே ஒழித்துவிட்டார்களாம். நாமும் செய்யலாமே?

நாடு முழுவதும் இல்லை. இல்லினாய்ஸ் மாநிலம் 2023 செப்டம்பரில் முழுதாக ஒழித்தது, அதுதான் முதல் மாநிலம். அங்கே நீதிபதி தொகை எதுவும் சொல்வதில்லை. நிபந்தனையோடு வெளியே விடுவார், அல்லது ஆபத்தானவர் என்று அரசுத் தரப்பு காட்டினால் உள்ளே வைப்பார். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் நிஜமாகவே ரொக்கம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏஜெண்டிடம் வழக்கமாகப் பத்து சதவீதம் கொடுக்க வேண்டும், அது திரும்பி வராது. நம் சிக்கல் வேறு. ரொக்கத்தை ஒழித்தாலும் நம்மூரில் வீட்டு வரி ரசீது அப்படியே நிற்கும். பிரிட்டன் 1976-லேயே ஜாமீனுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதுபோல ஒன்றை யோசியுங்கள் என்று 2022-ல் சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. சூரிட்டி என்பது விதிவிலக்கு, சொந்தப் பிணைதான் வழக்கம் என்று அதில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

விசாரணைக் கைதி ஓட்டுப் போடலாமா?

முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு தடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்கலாம்; தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளத்தான் முடியாது. ஜாமீனில் வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. அன்றைக்குக் காவல் நிலையத்தில் கண்டிஷன் கையெழுத்து இருந்தால் மட்டும், அதைப் போட்டுவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.