முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 'தினமும்' என்று சீட்டு வந்தால் மருந்தாளுநர் என்ன செய்ய வேண்டும்?

கொடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. முடக்குவாதத்துக்கு இந்த மருந்து வாரம் ஒரு முறைதான், வழக்கமாக 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் தினசரி கொடுப்பதும் உண்டு என்பதால், எந்த நோய்க்கு என்பதை நோயாளியிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அப்புறம் மருத்துவரை அழையுங்கள். "டோஸ் சரியா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் அவசரத்தில் "ஆமாம்" என்று வந்துவிடும். "முடக்குவாதத்துக்குத் தினமும் என்று இருக்கிறது, வாரம் ஒரு முறைதானே?" என்று கேளுங்கள். அவர் கிடைக்கவில்லையா? சரி, காத்திருங்கள். இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஓரிரு நாள் தாமதத்தால் பெரிய கேடில்லை, தவறான டோஸ் அப்படியல்ல.

நோயாளி ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. வாய்ப்புண், காய்ச்சல், ரத்தக்கசிவு உண்டா என்று விசாரியுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மருந்தை நிறுத்தச் சொல்லி உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்தாக வேண்டும். முறிமருந்தாக ஃபோலினிக் அமிலம் தேவைப்படலாம். மெத்தோட்ரெக்சேட்டோடு வழக்கமாக எழுதித்தரும் ஃபோலிக் அமிலம் அதற்கு ஈடாகாது. கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து சாப்பிடுகிறாரா என்பதையும் கட்டாயம் கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜைக்கு ஆபத்து அதிகம்.

டோஸ் திருத்தப்பட்ட பிறகு, உறையில் 'வாரம் ஒரு முறை' என்பதோடு கிழமையையும் எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம்.